மூக்குக்கும் கிட்னிக்கும் என்ன முடிச்சு?

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே ஒரு நோயையும் அதன் பங்காளிகளையும் பற்றியவை. அபூர்வமான நோய்தான். ஆனால் அது நுழைந்துவிட்ட வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. அதனால் சர்க்கரை, முடி உதிர்தல், குதிகால் வலிக் கேள்விகளை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

திருச்சி வாசகி: என் கணவருக்கு 46 வயது. முதலில் மூக்கடைப்பு, மூக்கில் ரத்தப் பொருக்கு. சைனஸ் என்றார்கள். அப்புறம் ஒரு காது அடைத்துக்கொண்டது. அப்புறம் மூட்டுக்கு மூட்டு வலி. கடைசியில் கிட்னியில் உப்பு ஏறிவிட்டது என்று சொல்லி, 'கிரானுலோமட்டோசிஸ் வித் பாலிஆன்ஜைட்டிஸ்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூக்குக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?

ரத்தக்குழாய்தான் சம்பந்தம். ஜி.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோய்க்கு மூக்கும் தெரியாது, கிட்னியும் தெரியாது. சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்களின் சுவரைத்தான் அது தாக்குகிறது. அப்படிப்பட்ட குழாய்கள் உடம்பில் இல்லாத இடம் ஏது? மூக்கின் உட்பூச்சு, காதின் நடுப்பகுதி, நுரையீரல், கண், தோல், நரம்பு, சிறுநீரகத்தின் வடிகட்டி என்று எங்கும் இருக்கின்றன.

காவிரிக்கரையில் இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும். வாய்க்காலின் கரை உள்பக்கமாக வீங்கினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, பயிர் காயும். கரை உடைந்தால் வயல் மூழ்கும். இந்த நோயில் இரண்டும் நடக்கின்றன. குழாயின் சுவர் வீங்கி அடைத்துக்கொண்ட இடத்தில் திசு சாகிறது. மூக்கின் நடுத்தண்டு அரித்துப்போய் மூக்கு குதிரைச் சேணம் போல அமுங்குவது அப்படித்தான். சுவர் உடைந்த இடத்தில் ரத்தம் கசிகிறது. நுரையீரலில் அது நடந்தால் இருமலில் ரத்தம் வரும்.

சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்துப் பேசினால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாயே என்று கேலி செய்வோம். இந்த நோயில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்த டாக்டர்தான் உயிரைக் காப்பாற்றுகிறார். மூக்குக்கு ஒருவர், காதுக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், இருமலுக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்த்தால் எல்லாருமே தங்கள் அளவில் சரியான சிகிச்சையைக் கொடுத்திருப்பார்கள். நோய் மட்டும் யார் கண்ணிலும் படாமல் கிட்னிக்குள் இறங்கியிருக்கும். உங்கள் கணவருக்கு யாரோ ஒருவர் அந்த முடிச்சைப் போட்டிருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

கரூர் வாசகர்: இது கேன்சரா?

இல்லை. இதற்குக் கொடுக்கும் சில மருந்துகள் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுபவை. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு முகம் மாறினால் பயப்படாதீர்கள்.

விழுப்புரம் வாசகி: ஒட்டுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரக்குழந்தையைக் கொஞ்சலாம். பேரனுக்குச் சளி என்றால் மட்டும் தள்ளி இருங்கள். அவனால் உங்களுக்குத்தான் ஆபத்து.

சேலம் வாசகர்: நம் உடம்பு நம்மையே ஏன் தாக்க வேண்டும்? யாருக்கு வருகிறது?

முதலில் எப்படி என்று சொல்கிறேன். நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்று ஒரு வெள்ளையணு உண்டு. கிருமியைக் கொல்வது அதன் வேலை. அதற்கான ஆயுதங்களைத் தனக்குள்ளேயே சின்னச் சின்னப் பைகளில் வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று பி.ஆர்.3 என்ற புரதம். ஜி.பி.ஏ. உள்ளவர்களில் பெரும்பாலோரின் உடம்பு இந்தப் புரதத்தையே எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருளின் பெயர்தான் ஆன்கா. அது வந்து ஒட்டிக்கொண்டதும் நியூட்ரோஃபில் தூண்டப்பட்டு, கிருமியே இல்லாத ரத்தக்குழாய்ச் சுவரில் தன் ஆயுதங்களையெல்லாம் கொட்டிவிடுகிறது.

ஏன் என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. மரபணுவில் கொஞ்சம் சாய்வு இருக்கிறது. மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியிருப்பவர்களுக்கு அடங்கிய நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று 1994இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. கல் உடைக்கும் இடங்களில் பறக்கும் சிலிக்கா தூசிக்கும் ஆன்கா வகை நோய்களுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தைராய்டுக்குக் கொடுக்கும் புரோபில்தயோயூரசில் என்ற மாத்திரை சிலரிடம் இதே மாதிரியான அழற்சியைக் கிளப்பிவிடும்.

வயது வரம்பு இல்லை. நாற்பதுக்கு மேல் அதிகம். ஆண், பெண் வித்தியாசம் பெரிதாகக் கிடையாது. நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. இரவுப்பணி பார்த்ததால் வந்ததா, கவலைப்பட்டதால் வந்ததா என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மதுரை வாசகர்: அப்பாவுக்கு வயது 58. நெஞ்சு எக்ஸ்-ரேயில் பொத்தல் மாதிரி இருக்கிறது, டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. சளியில் கிருமி இல்லை. காய்ச்சல் விடவில்லை, இருமலில் ரத்தம் நிற்கவில்லை, இப்போது ஒரு கண்ணும் சிவந்திருக்கிறது. சிறுநீர் சிவப்பாகப் போகிறது, அது மாத்திரையால்தான் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

வேண்டாம். நாளைக்கே போங்கள்.

டி.பி. என்று முதலில் நினைத்ததில் தப்பில்லை. உலகத்து டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலில் பொத்தல், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், இருமலில் ரத்தம் என்றால் நம் ஊர் டாக்டர் டி.பி.யைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆனால் ஜி.பி.ஏ.யும் நுரையீரலில் கட்டி கட்டியாக வந்து நடுவில் பொத்தலாகும். சதை எடுத்துப் பார்த்தால் டி.பி.யில் தெரியும் கிரானுலோமா என்ற செல் திரட்சி இதிலும் தெரியலாம். எக்ஸ்-ரேயும் ஏமாற்றும், சில சமயம் பயாப்சியும் ஏமாற்றும்.

எனக்கு உறுத்துவது மூன்று விஷயங்கள். ஒன்று, சளியில் கிருமி கண்டுபிடிக்கப்படவே இல்லை. சி.பி.நாட் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை அது. இரண்டு, மூன்று மாத மாத்திரைக்கும் காய்ச்சல் அசையவில்லை. மூன்று, கண் சிவந்திருக்கிறது. நுரையீரலோடு கண்ணும் சேர்ந்துவிட்டால் உடம்பு முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாக வேண்டும்.

அந்தச் சிவப்புச் சிறுநீர் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. டி.பி. மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாக, சிவப்பாக மாற்றும் என்பது உண்மை. அது ஆபத்தில்லாத நிறம். ஆனால் அதே நிறத்துக்குப் பின்னால் ரத்தம் ஒளிந்துகொள்ளவும் முடியும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். காலையில் போகும் முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்து, சிவப்பணு இருக்கிறதா, அல்புமின் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினின். ஆன்கா சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள்.

நீங்களாக டி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்பாவுக்கு டி.பி.யே இருந்து, அதைக் கவனிக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெல்லாம் பரவிவிடும். டி.பி.யில்கூட ஆன்கா பாசிட்டிவ் வருவதுண்டு. எந்தப் பக்கம் சாய்வது என்பதை ஒரு தாளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதனால்தான் நாளைக்கே போங்கள் என்கிறேன்.

தேனி வாசகர்: ஒரே ஒரு டெஸ்ட் எடுக்கத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் எது?

சிறுநீர்ப் பரிசோதனை. விலை குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம், ஊசி இல்லை.

ஏன் இதை இத்தனை முறை சொல்கிறேன் என்றால், கிட்னி வலிக்காது. மூக்கு வலிக்கும், காது வலிக்கும், மூட்டு வலிக்கும். கிட்னி சத்தமே இல்லாமல் அழியும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 158 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1992இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நோய் தெரியவந்த நேரத்தில் 18 சதவீதம் பேருக்குத்தான் கிட்னி பாதிக்கப்பட்டிருந்தது. போகப்போக அது 77 சதவீதம் ஆனது. முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதியடையலாம், ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவில் வாசகி: ஆன்கா நெகட்டிவ் என்று வந்துவிட்டது. அப்படியானால் நோய் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நோய் பல உறுப்புகளில் பரவியவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஆன்கா நெகட்டிவாக இருக்கும். மூக்கு, காதோடு நின்றிருப்பவர்களில் இது இன்னும் அதிகம். அதேபோல பாசிட்டிவ் என்றால் நோய் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இதய வால்வில் கிருமித்தொற்று இருந்தால்கூடப் பாசிட்டிவ் வரும்.

ஆனாலும் இந்தச் சோதனை வந்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. 1982இல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் 8 நோயாளிகளின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருளைப் பார்த்தார்கள். அது இந்த நோயோடு சேர்ந்தது என்பதை 1985இல் நெதர்லாந்து, டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதுவரை திசுவை வெட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. இன்றும் சந்தேகம் தீரவில்லை என்றால் அதுதான் வழி. சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பரவாது. கிட்னியிலிருந்து ஊசி வழியாக எடுக்கும் ஒரு நூல் அளவுத் திசு, எவ்வளவு சேதம் ஆகியிருக்கிறது, எவ்வளவு மீளும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

சென்னை வாசகர்: கொரோனா காலத்தில் டி.வி.யில் வந்த அமெரிக்க டாக்டர் ஃபௌச்சிதான் இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தார் என்று மகன் சொல்கிறான். உண்மையா?

மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கனவே இருந்த மருந்தை இந்த நோய்க்குக் கொடுத்து, அது வேலை செய்கிறது என்று நிரூபித்தவர்களில் ஒருவர். உங்கள் மகன் முக்கால்வாசி சரி.

அதன் பெருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முன்பிருந்த நிலைமை தெரிய வேண்டும். 1958இல் இங்கிலாந்தில் வால்டன் என்ற டாக்டர் 56 நோயாளிகளின் கதையைத் தொகுத்தார். சிகிச்சை இல்லாவிட்டால் சராசரி ஆயுள் 5 மாதம். முதல் ஆண்டு முடிவதற்குள் 82 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். ஸ்டீராய்டு வந்தபோது அது கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான்.

இளம் டாக்டராக இருந்த அந்தோணி ஃபௌச்சியும் அவருடைய மூத்தவர் ஷெல்டன் உல்ஃபும் சைக்ளோபாஸ்பமைட் என்ற புற்றுநோய் மருந்தைக் குறைந்த அளவில் தினமும் மாத்திரையாகக் கொடுத்து, கூடவே ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். 1973இல் 18 பேரைப் பற்றி எழுதினார்கள். 1983இல் 85 பேரைப் பற்றி எழுதினார்கள். அந்த 85 பேரில் 79 பேருக்கு நோய் முழுவதுமாக அடங்கியது. மருத்துவ வரலாற்றில் ஒரு நோயின் தலையெழுத்து இத்தனை வேகமாக மாறியது அபூர்வம். எனக்கு அந்த 79 என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் வீடுகள்தான் நினைவுக்கு வரும்.

விலையும் இருந்தது. சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு, பின்னாளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய், குழந்தையின்மை. மேலே சொன்ன அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் 1992ஆம் ஆண்டு அறிக்கை இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியது. அதன் பிறகு இந்த மருந்தைக் கொடுக்கும் விதமே மாறிவிட்டது. இப்போது சைக்ளோபாஸ்பமைட் கொடுத்தாலும் மூன்று முதல் ஆறு மாதத்தோடு நிறுத்திவிட்டு அசாதியோபிரின் போன்ற மிதமான மருந்துக்கு மாறிவிடுகிறார்கள். அப்படி மாறினாலும் பலன் குறையாது என்பது 2003இல் ஐரோப்பிய ஆய்வில் உறுதியானது.

கும்பகோணம் வாசகர்: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வெகனர்ஸ்' என்றும் புதியதில் 'ஜி.பி.ஏ.' என்றும் இருக்கிறது. எனக்கு எத்தனை நோய்?

ஒன்றுதான். பெயரை மாற்றியதற்கு ஒரு கதை உண்டு.

1936லும் 1939லும் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் வெகனர் என்ற நோய்க்குறியியல் டாக்டர் இதை விரிவாக எழுதினார். அவருக்கு முன்பே 1931இல் ஹைன்ஸ் கிளிங்கர் எழுதியிருந்தார். அதற்கும் முன்பு 1897இல் ஸ்காட்லாந்தில் பீட்டர் மெக்பிரைட் என்ற காது-மூக்கு டாக்டர் மூக்கும் முகமும் வேகமாக அரிபட்ட ஒரு நோயாளியின் படங்களை வெளியிட்டிருந்தார். பெயர் என்னவோ வெகனருக்குப் போய்ச் சேர்ந்தது. 1989இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் அமைப்பு ஒன்று அவரை அழைத்து விருதும் கொடுத்தது.

அவர் இறந்த பிறகு அவருடைய பழைய வாழ்க்கை வெளியே வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டே அதன் பழுப்புச் சட்டைப் படையில் இருந்தவர். போர்க்காலத்தில் போலந்தின் லோட்ஜ் நகரில், யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவுக்குச் சில தெருக்கள் தள்ளி வேலை பார்த்தவர். அமெரிக்க அமைப்பு 2000ஆம் ஆண்டில் விருதைத் திரும்பப் பெற்றது. 2006இல் லான்செட் இதழில் இந்தக் கடந்த காலம் விரிவாக வெளிவந்தது. 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகளும் அமெரிக்கச் சிறுநீரகவியல் அமைப்பும் சேர்ந்து பெயரை மாற்றின.

வாயில் நுழையாத பெயர் எதற்கு, பழையதே இருக்கட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோயாளி வாழ்நாள் முழுக்கத் தன் கோப்பில் சுமக்கும் பெயர் அது. கொஞ்சம் நீளமாக இருந்தாலும் சுத்தமாக இருக்கட்டும்.

ஈரோடு வாசகி: ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரையும் வந்துவிட்டது. போன வாரம் நிறுத்திவிட்டேன். உடம்பு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா, இதைப் படித்த உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பத்திரிகையில் பதில் வரும் வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்றே நம்புகிறேன்.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால், கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கத் தொடங்கிவிடும். திடீரென்று மாத்திரையையும் நிறுத்தினால் உடம்பில் அந்த ஹார்மோனே இருக்காது. ஒரு சாதாரணக் காய்ச்சலில் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து. நோய் திரும்புவது அடுத்த கவலை.

முகம் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது, அதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்கக் கூடாது. அளவைக் குறைக்கக் குறைக்க முகம் பழையபடி ஆகும். குறைப்பதற்கு இப்போது வலுவான ஆதாரமும் இருக்கிறது. 2020இல் வெளிவந்த ஆய்வில் கடுமையான நோய் உள்ள 704 பேரைச் சேர்த்தார்கள். வழக்கமான அளவு ஸ்டீராய்டையும், அதைவிட வேகமாகக் குறைத்த அளவையும் ஒப்பிட்டார்கள். உயிரைக் காப்பதிலும் கிட்னியைக் காப்பதிலும் குறைந்த அளவு சளைக்கவில்லை. முதல் ஆண்டில் கடுமையான தொற்றுகளும் குறைவு. "எனக்கு இன்னும் குறைக்க முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை. படிப்படியாகக் குறைப்பது அவர் வேலை.

திண்டுக்கல் வாசகர்: ரிட்டுக்ஸிமாப் ஊசி போடச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அது இல்லாமல் முடியாதா?

முடியும், ஆனால் யாருக்கு எது என்பதில் யோசனை வேண்டும். ரிட்டுக்ஸிமாப், எதிர்ப்பொருள் உற்பத்திக்கு வேர்போல இருக்கும் பி செல்களை அழிக்கிறது. 1997இல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. 2010இல் 197 பேரிடம் இதையும் சைக்ளோபாஸ்பமைடையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் ஸ்டீராய்டே இல்லாமல் நோய் அடங்கியவர்கள் ரிட்டுக்ஸிமாப் தரப்பில் 64 சதவீதம், மறுதரப்பில் 53 சதவீதம். மொத்தத்தில் சமம் என்று சொல்லலாம். நோய் ஏற்கனவே ஒரு முறை அடங்கித் திரும்பியவர்களில் ரிட்டுக்ஸிமாப் தெளிவாக முந்தியது. இளம் வயதில், குழந்தை பெறும் ஆசை இருப்பவர்களுக்கும் இதுதான் பொருத்தம்.

விலையில் நம் நாட்டுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 'ரெடிடக்ஸ்' என்ற பெயரில் இதன் மாற்று மருந்தை அசலைவிடக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. இன்னும் சில இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. எந்த பிராண்ட் என்று டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்த நோய்களுக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன்பு கேளுங்கள்.

ஊசிக்கு முன் ஹெபடைட்டிஸ் பி, டி.பி. இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். உறங்கிக்கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியை இந்த ஊசி எழுப்பிவிடும்.

தர்மபுரி வாசகர்: பத்தியம் ஏதாவது?

உப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் கவனியுங்கள், கால்சியம் கொடுத்திருந்தால் விடாமல் சாப்பிடுங்கள். பச்சை முட்டை, சாலையோரச் சட்னி, கொதிக்காத தண்ணீர் வேண்டாம். கத்திரிக்காய் சாப்பிடலாம்.

சிவகங்கை வாசகர்: ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நாட்டு மருந்து ஒன்று சொல்கிறார்கள். சேர்த்துச் சாப்பிடலாமா?

இந்த நோயில் ரத்தம் அசுத்தமாகவே இல்லை. சில பஸ்பங்களில், பெயர் தெரியாத பொடிகளில் பாதரசம், ஈயம் போன்றவை இருப்பது பல முறை கண்டறியப்பட்டிருக்கிறது. ஏற்கனவே அடிபட்ட கிட்னி இன்னொரு அடியைத் தாங்காது. உங்கள் நம்பிக்கையை நான் தடுக்கவில்லை. எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், இந்த நோய்க்கான மருந்தை நிறுத்திவிட்டு எதையும் தொடங்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பொள்ளாச்சி வாசகி: 41 வயதில் புதிதாக ஆஸ்துமா வந்தது. மூக்கில் சதை வளர்ச்சிக்கு ஆபரேஷன் ஆனது. மூன்று நாளாக வலது பாதம் தூக்க வரவில்லை, செருப்பு நழுவுகிறது. நரம்பு டாக்டரையா, எலும்பு டாக்டரையா பார்க்க வேண்டும்?

இன்றைக்கே ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய், இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா, மூக்குச் சதை, பாதம் தொங்குவது மூன்றும் சேர்ந்தால் ஜி.பி.ஏ.யின் பங்காளி நோய் ஒன்றை நினைக்க வேண்டும். 1951இல் நியூயார்க்கில் ஜேக்கப் சர்க், லாட்டே ஸ்ட்ராஸ் என்ற இருவர் விவரித்தது. ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை எகிறியிருக்கும், எல்லா ரத்தப் பரிசோதனையிலும் வரும் எண்தான் அது. நரம்புக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம். இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலூர் வாசகர்: என் தங்கைக்கு 24 வயது. இடது கையில் நாடியே கிடைக்கவில்லை, பி.பி. மெஷின் எர்ரர் காட்டுகிறது. இதுவும் அதே நோயா?

அதே குடும்பம், வேறு கிளை. ஜி.பி.ஏ. சிறிய குழாய்களைத் தாக்கும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்குவது தகாயாசு நோய். 1908இல் ஜப்பானியக் கண் டாக்டர் மிகிட்டோ தகாயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்திருப்பதை விவரித்தார். அதனால்தான் அவர் பெயர். இளம்பெண்களுக்கே அதிகம். ஐரோப்பாவைவிட ஆசியாவில் அதிகம், இந்தியாவில் நிறையவே பார்க்கிறோம். நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று அளக்க இந்திய டாக்டர்களே லக்னோ, வேலூர் போன்ற இடங்களிலிருந்து சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். உங்கள் ஊரிலேயே அந்த அனுபவம் இருக்கிறது. தங்கையின் நான்கு கைகால்களிலும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் கோளாறு என்று மெஷினை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஓர் இளம் டாக்டர்: நாளுக்கு நூறு நோயாளிகள் வருகிற இடத்தில் இருக்கிறேன். சைனஸ் வந்தவர்களையெல்லாம் சந்தேகப்பட முடியுமா சார்?

முடியாது, தேவையும் இல்லை. ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில்தான் புதிதாக வருகிறது. உங்கள் முழுப் பணிக்காலத்தில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்ப்பீர்கள். ஆனால் அந்தச் சிலரை நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள், வேலூர் டாக்டர் இல்லை.

ஆன்டிபயாடிக் இரண்டு கோர்ஸ் முடிந்தும் ஆறாத சைனஸ், அதில் ரத்தப் பொருக்கு. பெரியவர்களுக்குப் புதிதாகக் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது. காலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். டி.பி. மருந்துக்கு மசியாத பொத்தல். இவற்றில் ஒன்று இருந்தால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், நீங்களே பார்த்தால் இன்னும் நல்லது. சிவப்பணு உருமாறிக் கிடந்தாலோ, கிரியாட்டினின் போன மாதத்தைவிட ஏறியிருந்தாலோ, ஆன்கா முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே அனுப்பிவையுங்கள். வாரங்களில் கிட்னி போய்விடும் நோய் இது.

நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, "மூக்கைத் தவிர வேறு எங்கே தொந்தரவு?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். அந்த நேரம் கிடைக்காத அளவுக்கு உங்களைத் தனியாக விட்டிருப்பது சரியில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கோவை வாசகி: எனக்கு 26 வயது. ஜி.பி.ஏ. வந்து மூன்று வருடமாக அடங்கியிருக்கிறது. அசாதியோபிரின் மட்டும் சாப்பிடுகிறேன். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். "மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம், கல்யாணம் ஆனதும் பார்த்துக்கலாம்" என்கிறார் அம்மா. எனக்குக் குழந்தை பிறக்குமா? அதற்கும் இந்த நோய் வருமா?

குழந்தைக்கு வருமா என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இது வருவது மிக அரிது.

குழந்தை பிறக்குமா? பெரும்பாலும் பிறக்கும். கர்ப்பத்துக்கு முன் குறைந்தது ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும் என்பார்கள், உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. அசாதியோபிரினைக் கர்ப்ப காலத்தில் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைட் மூன்றும் கருவுக்கு ஆகாது. அவற்றில் ஏதாவது பின்னால் தேவைப்பட்டால் திட்டமிட்டு முன்கூட்டியே மாற்ற வேண்டும். முன்பு சைக்ளோபாஸ்பமைட் போட்டிருந்தால் கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, இப்போதே பார்த்துவிடுவது நல்லது. பி.பி.யும் கிட்னியும் சரியாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லுங்கள், அதுவும் நிச்சயத்துக்கு முன்பே. நியாயம், தர்மம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், மருத்துவக் காரணமே போதும். மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும். புதுவீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடும் பெண் முதலில் ஒரு வேளை விடுவாள், பிறகு ஒரு வாரம் விடுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு என்ன காரணம் சொல்லி வீட்டைவிட்டுப் போவீர்கள்? நோய் திரும்புவது இப்படித்தான். திரும்பியதற்கு அறிகுறியாக மூக்கில் ரத்தம் வந்தாலும் வாய் திறக்க முடியாது. தெரிந்துகொண்டு பின்வாங்கும் வீடு பின்வாங்கட்டும்.

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். "உங்க பொண்ணுக்குக் குழந்தை பிறக்கும்மா" என்று உங்கள் டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் யார் பேசுவது, எப்போது பேசுவது என்று நீங்கள் இருவருமே உட்கார்ந்து முடிவு செய்துவிடுவீர்கள்.